சும்மா இருக்கும் மாமா

தஞ்சோங் பகார் பிளாசா உணவங்காடியில் ஒரு தம்பி கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். பணத்தை அனுப்பிவிட்டு, சுவர் எழும்புவதை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்கிறவர். திரையில் ஒருவர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தார்: ஃபில்லர் ஸ்லாப் போட்டால் வீட்டுச் செலவு பாதியாகிவிடுமாம்.

"நெசமாண்ணே? பில்லரே இல்லாம வீடா?"

அது தூண் பில்லர் இல்லை தம்பி, இட்டு நிரப்புகிற ஃபில்லர் என்றேன். பாதி என்பது சுத்தப் புளுகு. ஆனால் புளுகுக்கு அடியில் இருக்கும் அறிவியல் அசல் சரக்கு.

கேட்ட இடமும் பொருத்தமானதுதான். அண்ணாந்து பார்த்தால் பினாக்கிள் அட் டக்ஸ்டன்: 50 மாடி, 7 புளோக்குகள், 1,848 வீடுகள், 2009இல் கட்டி முடித்தது. பெரும்பாகம் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து கிரேனில் தூக்கி அடுக்கியது. ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்த்தால் அச்சின் விலை அத்தனை வீடுகளுக்கும் பிரிந்து சில்லறையாகிவிடும். தம்பி கட்டுவதோ ஒரே வீடு. அவருக்கு அச்சு என்றால் வாடகைக்கு எடுக்கும் சென்ட்ரிங் தகடுதான். ஒரு தடவை அடித்து, பிரித்து, திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எண்ணிக்கையில் மிச்சம் பிடிக்க வழியில்லாதவர் கான்கிரீட்டுக்குள்ளேயே தேட வேண்டியதுதான்.

மேசையில் இருந்த கேக் துண்டை இரண்டு கோப்பிக் கோப்பைகளுக்குக் குறுக்கே பாலம் போல வைத்து, நடுவில் விரலால் அழுத்தினேன். மேல்பக்கம் சுருங்கியது. அடிப்பக்கம் வாய் பிளந்தது. தம்பி சிரித்தார், கேக் அவருடையது.

வீட்டுத் தளமும் இப்படித்தான். மேற்பகுதி நசுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. நசுக்கினால் கான்கிரீட் சூரன். இழுத்தால் சோதா, நசுக்கலைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுவையைத் தாங்கும். அதற்காகத்தான் அடியில் கம்பி கட்டுகிறோம். இழுவை முழுவதையும் கம்பியே வாங்கிக்கொள்வதாக வைத்துத்தான் பொறியாளர் கணக்குப் போடுகிறார். கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அதாவது, அது கல்யாண வீட்டு மாமா. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேலை எதுவும் செய்யமாட்டார், மூன்று வேளையும் பந்தியில் இருப்பார். வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, அவரைச் சுமக்கவும் வேண்டும். பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் கிட்டத்தட்ட 3 டன் கான்கிரீட். அந்த எடையைத் தாங்கவே ஒரு பங்கு கம்பி போகிறது. மாமாவுக்குப் பரிமாற ஆள் வைத்து, அந்த ஆளுக்கும் சாப்பாடு போடுகிற கதை.

ஃபில்லர் ஸ்லாப் என்பது மாமாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் கூரை ஓட்டை உட்கார வைப்பது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, இடையில் கிடைக்கும் கட்டங்களில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து அடுக்கி, மேலே கான்கிரீட் போடுவார்கள். பாதிப் பரப்பில், பாதிக் கனத்துக்கு ஓடு உட்கார்ந்தால் கான்கிரீட்டில் கால்பங்கு மிச்சம். ஓடுகளுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் மத்தியான வெயிலும் கொஞ்சம் தயங்கித்தான் இறங்கும்.

சரி, மாமாவை அடியோடு விரட்டிவிடலாமா? கூடாது. அவருக்கும் மூன்று வேலைகள் உண்டு. கம்பியை மேற்பகுதியிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பவர் அவர். அந்த இடைவெளிதான் தளத்தின் பலம். கம்பியில் ஈரம் ஏறித் துருப்பிடிக்காமல் போர்வையாக இருப்பவரும் அவரே. மூன்றாவது, சுவரை ஒட்டிய ஓரங்களில் தளத்தை வெட்டிவிடப் பார்க்கும் விசை அதிகம். அங்கே மாமாதான் வாசலில் நின்று சமாளிக்கிறார். அதனால் ஓரங்களில் ஓடு வைக்காமல் முழுக் கான்கிரீட் போடுவார்கள்.

பால்கனியில் எல்லாமே தலைகீழ். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம் முனையில் தொங்கப் பார்க்கும். அப்போது மேலே இழுவை, கீழே நசுக்கல். வேலை செய்கிறவர் அடியில், சும்மா இருக்கிறவர் மேலே: மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்தில் பெண் வீட்டு மாமாவுக்கு நடப்பது போல. வீடியோவைப் பார்த்துவிட்டுப் பால்கனிக்கு அடியிலும் ஓடு பதிப்பவர் வேலைக்காரரைத்தான் வெளியே அனுப்புகிறார். ஆகவே பொறியாளர் வரைபடம் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. அவர் கூலியையும் மிச்சக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி கொஞ்சம் வரலாறு. பாரிஸ் தோட்டக்காரர் ஜோசப் மோனியே இரும்பு வலை வைத்த சிமெண்டுத் தொட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1867இல். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. இரண்டையும் சேர்த்து நம் ஊர்ப் பக்க வீடுகளில் பிரபலமாக்கியவர் திருவனந்தபுரத்தில் குடியேறிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். அவர் பேரைச் சொல்லி இன்று விற்கப்படுவது எல்லாம் அவர் செய்தது அல்ல.

இப்போது வீடியோ சொன்ன பாதிச் செலவுக்கு வருவோம். வீட்டுச் செலவில் தளம் ஐந்தில் ஒரு பங்கு, அந்தத் தளத்தில் மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய். 30 லட்ச ரூபாய் வீட்டில் 1,20,000. வேண்டாம் என்று தள்ளுகிற தொகை இல்லை. ஆனால் கூரையில் அத்தனை துல்லியமாக வேலை செய்துவிட்டு, வாசலில் கிரானைட் பதித்தால் ஒரே நாளில் காணாமல் போகும்.

தம்பி அங்கேயே மேஸ்திரியை அழைத்தார். ஒலிபெருக்கியில் பதில் வந்தது: "செய்யலாம் தம்பி. ஓட்ட ஒவ்வொண்ணா நிறுத்தணும், கான்கிரீட் போடும்போது நகராமப் பாக்கணும். கூலி கொஞ்சம் கூட ஆவும்."

"எவ்வளவு கூட?"

மேஸ்திரி சொன்னார். தம்பி டிஷ்யூ காகிதத்தில் எழுதியிருந்த 1,20,000இல் ஒரு பகுதியை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஓட்டை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போடச் சொல்லுங்கள் என்றேன். காய்ந்த ஓடு ஈரக் கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். அதையும் அதே காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.