மிதக்கும் அரிசி பிளாஸ்டிக் இல்லை

ரேஷன் அரிசியைக் களையும்போது நாலு மணி மட்டும் மிதக்கிறதே, அது பிளாஸ்டிக்தானே? சிதம்பரத்தில் டீக்கடை பெஞ்சில் சத்து பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணி. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்பது கலக்கும் கணக்கு. நிறம் கொஞ்சம் மாறித் தெரிவதால் பொறுக்கி எறிகிறோம். எறிவது சத்தைத்தான்.

அரிசிக்குள் சத்தை ஏற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. காவிரியின் கடைமடையான இந்தப் பக்கத்தில் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துத்தான் அரைத்து வந்திருக்கிறோம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசியின் உள்ளே இறங்கிவிடும். பிறகு மில்லில் தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். இதன் அருமை பச்சரிசிக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் புரியும். பழைய சென்னை மாகாணத்தின் வடக்கே, தெலுங்குக் கடலோர மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசி உண்டவர்களைப் பி1 குறையால் வரும் பெரிபெரி நோய் பிடித்தது. கால் மரக்கும், வீங்கும், இதயம் தளரும். புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. 1920களில் குன்னூரில் இருந்து இதை ஆராய்ந்தவர் ராபர்ட் மெக்காரிசன். அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

ஆனால் புழுங்கல் அரிசியை நம்பி இரும்புச்சத்தை விட்டுவிட முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துணவு, முட்டை, ரேஷன் எல்லாம் இருந்தும் பாதிக்கு மேல்! வயிறு நிறையாததால் மட்டும் வருகிற குறை இல்லை இது. கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பில் கொஞ்சத்தைத்தான் குடல் வாங்கிக்கொள்ளும். நாம் குடித்துக்கொண்டிருக்கும் இந்த டீயின் துவர்ப்பு அந்தக் கொஞ்சத்துக்கும் குறுக்கே நிற்கும். டீயை விடச் சொல்லவில்லை, என்னாலும் முடியாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே தள்ளிவையுங்கள், போதும். தட்டில் எலுமிச்சை பிழிந்துகொண்டாலோ, பின்னால் ஒரு நெல்லிக்காய் கடித்தாலோ இரும்பு கூடுதலாகச் சேரும்.

மீனிலும் கறியிலும் உள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். கடலூர் முதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வஞ்சிரம்தான் மீன் என்ற நினைப்பு வேண்டாம். விலை குறைந்த மத்தி மீனில் பி12 நிறைய இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியம் கிடைக்கும். சைவ வீடுகளில் முருங்கைக்கீரையை எண்ணெய் விட்டு வதக்குங்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து சேரக் கொழுப்பு வேண்டும். சிதம்பரம் கொத்சுவில் என்ன சத்து என்று கேட்காதீர்கள், அதை ருசிக்காகச் சாப்பிடுங்கள்.

வைட்டமின் ஏ என்றால் கண் பார்வை மட்டுமே என்று நினைக்கிறோம். திருச்சி மாவட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு வாராவாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளியானது. கொடுக்காத குழந்தைகளோடு ஒப்பிட்டால் இறப்பு பாதிக்கு மேல் குறைவு. ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயது வரை கிராமச் செவிலியர் ஊற்றும் சொட்டு இதற்காகத்தான், தவறவிடாதீர்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அயோடின் குறை வராது என்பது இன்னொரு நம்பிக்கை. கடல்நீரைக் காய்ச்சி எடுத்த வெறும் உப்பில் அயோடின் இல்லாததற்குச் சமம். கல் உப்போ தூளோ, அயோடின் சேர்த்தது என்று பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, மூடிவையுங்கள்.

கடைசியாக, கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழேயும், மற்ற பெண்களுக்கு 12க்குக் கீழேயும் போனால் ரத்தசோகை. முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள், மாத்திரையும் தருவார்கள். வீட்டுப் பெண்களை இந்த வாரமே அழைத்துப் போங்கள்.