ஆயிர வருட அரசாட்சி, இரகசிய வருகை: ஒரே வேதத்துக்கு ஏன் இத்தனை விளக்கம்?

மத்தியக் கிழக்கில் குண்டு விழுந்தால் போதும், அன்றிரவே தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் காணொளிகள் வரத் தொடங்கிவிடும். 'கடைசிக் காலம் வந்துவிட்டது, ஆயத்தமா?' என்று கேட்கும். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மருமகள் கலங்குவார். ஆர்.சி. மாமியாரோ, "எங்க கோயில்ல ஃபாதர் இப்படியெல்லாம் சொன்னதே இல்லையே" என்பார். இருவரும் பேசுவது ஒரே புத்தகத்தைப் பற்றித்தான். மருமகளுக்கு அது வெளிப்படுத்தின விசேஷம், மாமியாருக்குத் திருவெளிப்பாடு.

இதில் யாருக்கு விசுவாசம் அதிகம், யாருக்குக் குறைவு என்ற கேள்விக்கே இடமில்லை. இயேசு மீண்டும் வருவார், நியாயந்தீர்ப்பு உண்டு என்பதை இருவரும் ஏற்கிறார்கள். வருவதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும் என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

பிரிவின் வேர் அப்புத்தகத்தின் 20ஆம் அதிகாரம். சாத்தான் கட்டப்படுவதும், பரிசுத்தவான்கள் கிறிஸ்துவோடு ஆளுவதும் அங்கே சொல்லப்படுகின்றன. 'ஆயிரம் வருடம்' என்ற சொல் 2 முதல் 7 வரை அடுத்தடுத்து ஆறு வசனங்களில் வருகிறது. அதை நாள்காட்டிக் கணக்காக எடுப்பதா, அடையாளமாக எடுப்பதா?

நாள்காட்டியாக எடுத்தவர்கள் தொடக்கத்திலேயே உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், இரேனியு ஆகிய இருவரும், கிறிஸ்து வந்தபின் பூமியில் ஆயிரம் ஆண்டு அரசாட்சி நடக்கும் என்று நம்பினார்கள். ஆனால் ஜஸ்டினே, நல்ல கிறிஸ்தவர்கள் பலர் இதை ஏற்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். சண்டை அவ்வளவு பழையது!

ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் திசையை மாற்றினார். அவரும் முதலில் அந்த நம்பிக்கையில் இருந்தவர்தான். பிறகு, ஆயிரம் ஆண்டு என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட திருச்சபையின் காலமே என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பூமிக்குரிய ஆயிர வருட அரசாட்சியை ஏற்பதில்லை. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையும் அதை மறுக்கிறது. ஃபாதர் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் அல்ல, இந்தப் போதனைதான். மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. சுவிசேஷம் பரவி உலகம் திருந்திய பிறகே கிறிஸ்து வருவார் என்றது அது. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அதற்கு ஆதரவு குறைந்துவிட்டது.

அப்படியானால் 'இரகசிய வருகை' எங்கிருந்து வந்தது? அந்தச் சொல் அப்படியே தமிழ் வேதாகமத்தில் கிடையாது. விசுவாசிகள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 4:17 சொல்கிறது. எல்லாச் சபைக்கும் பொதுவான வசனம் அது. ஆனால் அந்த நிகழ்ச்சி ஏழு வருட உபத்திரவத்துக்கு முன் தனியாக நடக்கும், பகிரங்க வருகை அதற்குப் பிறகு என்று பிரித்துப் பரவலாகப் போதித்தவர் பிரதரன் சபை முன்னோடிகளில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி. அது 19ஆம் நூற்றாண்டு. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம் இப்போதனையை வசனங்களின் அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. மேலே வசனம், கீழே விளக்கம், இரண்டும் ஒரே பக்கத்தில். வாசித்தவர்களில் பலருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்து போனது. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இந்த வழியில் நடப்பவை. இதே கருத்தை வைத்து 1995 முதல் வெளிவந்த 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்கள் கோடிக்கணக்கில் விற்றன.

666 விவகாரமும் இப்படித்தான். நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் அந்த எண் வரும், ஆகவே அது முதல் நூற்றாண்டில் முடிந்த கதை என்பது ஒரு சாரார் வாதம். லுத்தர் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் போப்பாண்டவரை அந்திக்கிறிஸ்து என்றார்கள். எல்லாம் இனிமேல்தான் என்பவர்கள் பார்கோடு முதல் கோவிட் தடுப்பூசி வரை சந்தேகப்பட்டார்கள். புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதிக்கு விளக்கவுரை எழுதிய கால்வின், இந்தப் புத்தகத்துக்கு ஏனோ எழுதவே இல்லை.

விளக்கம் வேறுபடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. தேதி குறிக்கும்போதுதான் குடும்பங்கள் நொறுங்குகின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று முடிவு கட்டினார்கள். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காமல் விட்டார்கள். தென் கொரியாவில் தாமி மிஷன் 1992 அக்டோபர் 28 என்றது. மக்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுச் சபைக்குக் கொடுத்தார்கள். அதன் தலைவர் அந்த நாளுக்கு முன்பே மோசடி வழக்கில் கைதானார். அவர் வாங்கி வைத்திருந்த பத்திரங்கள் முதிர்வதோ அந்த நாளுக்குப் பிறகு! 2011 மே 21 என்று வானொலியில் அறிவித்த ஹரால்டு கேம்பிங், மறு ஆண்டு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தான் அறிவார் என்று மாற்கு 13:32 சொல்வதை இந்த மூன்று கூட்டத்தாரும் வாசித்திருந்தார்கள் என்பதுதான் வேதனை.

இந்தப் பகுதியைப் படிக்க விரும்புபவர்கள் முதலில் வசனத்தை மட்டும், அடிக்குறிப்பு இல்லாமல், முழு அதிகாரமாக வாசிப்பது நல்லது. அதன்பின் காணொளியில் பேசுபவர் மேற்சொன்ன எந்த வழியைச் சேர்ந்தவர் என்று பார்க்க வேண்டும். போதகரிடமோ ஃபாதரிடமோ, "நம் சபை இதை எப்படி எடுக்கிறது, மற்றவர்கள் ஏன் வேறு மாதிரி எடுக்கிறார்கள்?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். தேதியோடு பணமும் கேட்பவராக இருந்தால், வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் கொரியாவில் நடந்ததைக் குடும்பத்தோடு பேசிக்கொள்வது உத்தமம்.