இல்லாத நாட்டுக்கு ஒரு வழிகாட்டி நூல்

வேற்று நாட்டுக்குச் செல்ல விரும்புவோர் அந்நாட்டைப் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கிப் படிப்பது வழக்கம். தலைநகர் எது, ஆறு எங்கே பாய்கிறது, மக்கள் எதை உண்கின்றனர், எத்தெய்வத்தை வணங்குகின்றனர், எந்த விடுதியில் தங்கலாம், எந்தத் தெருவில் இரவில் தனியே நடக்கலாகாது என்பன போன்ற செய்திகள் அதில் அடங்கியிருக்கும். நூலில் பிழை இருப்பின், நேரிற் சென்று கண்டவர் அதனைத் திருத்துவர். அங்கே நாடு முன்னது, நூல் பின்னது.

ஆயின், உலகில் எங்குமே இல்லாத நாடுகளுக்கும் இத்தகைய நூல்கள் எழுதப்பெறுகின்றன. மேல்நாடுகளில் அரை நூற்றாண்டாக வளர்ந்து வந்துள்ள இவ்வகை நூல்களைக் 'களவிளக்க நூல்கள்' எனலாம். இங்கே நூல் முன்னது, நாடு பின்னது. ஆசிரியர் எழுதிய பிறகே அந்நாட்டில் ஆறு ஓடுகிறது. மன்னன் அரியணை ஏறுகிறான். அப்படியாயின் அந்நாடு யாருக்கு உரியது? எழுதியவருக்கா, வெளியிட்டவருக்கா, அதனை வாங்கிச் சென்று அங்கே 'வாழ்பவருக்கா'? இக்கேள்விக்கு விடை காணுமுன், இந்நூல்கள் எதற்காகத் தோன்றின என்பதை அறிதல் வேண்டும்.

ஆட்டமும் அதன் தேவையும்

பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்பது, நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சினாலேயே நடத்துவது. ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் ஆட்டத் தலைவராக இருந்து நிலைமையை எடுத்துரைப்பார். "ஒரு பாலத்தை அடைகிறீர்கள், காவலர் இருவர் வழி மறிக்கின்றனர்" என்பார் அவர். "காவலரோடு பேசிப் பார்க்கிறேன்" என்பார் ஒருவர். "நான் ஆற்றில் இறங்கி நீந்துகிறேன்" என்பார் மற்றொருவர். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை தீர்க்கும். இவ்வாறு வாரந்தோறும் கதை வளரும்; சில ஆட்டங்கள் பல ஆண்டுகள் தொடர்வதும் உண்டு.

இவ்வகையில் முதன்முதல் அச்சேறிய ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆகும். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் இயற்றிய அதன் விதிகள் 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தன. அவற்றில் விதிகள் இருந்தன, நாடு இல்லை. உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்னும் கருத்துப்படக் கேட்டே அந்நூல் முடிந்தது. ஒவ்வோர் ஆட்டத் தலைவரும் தமக்கு வேண்டிய உலகைத் தாமே படைத்துக்கொள்வார் என்பது ஆசிரியர்களின் எண்ணம்.

ஆனால் பாலத்தைக் கடந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. "அப்பால் உள்ள ஊர் எது? அதன் தலைவன் யார்? அங்கு எந்த நாணயம் செல்லும்?" என்று கேட்கத் தொடங்குவர். பகலெல்லாம் வேலை செய்து களைத்து வந்த ஆட்டத் தலைவர், அந்த நொடியில் ஒரு நாட்டையே படைத்துத் தர இயலுமா? இத்தேவையைக் கண்ட 'ஜட்ஜஸ் கில்டு' என்னும் நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் ஒரு கற்பனை நகரத்தின் படத்தையும் விளக்கத்தையும் வெளியிட்டது. பிறர் செய்த கற்பனையையும் மக்கள் காசு கொடுத்து வாங்குவர் என்பது அப்போது தெளிவாயிற்று.

மூவகைப் பொருள்

களவிளக்க நூலில் என்னென்ன இருக்கும்? இதனைத் தமிழர் எளிதில் விளங்கிக்கொள்ள ஓர் அளவுகோல் நம்மிடம் உண்டு. அகப்பாடலுக்குரிய பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமே உரிப்பொருள்.

மேல்நாட்டு ஆட்ட நூலார் இவ்விலக்கணத்தைப் பயின்று எழுதினார்கள் என்று நாம் கூறவில்லை. எனினும் பொருத்தம் நன்கு அமைகிறது. களவிளக்க நூல் நிலப்படம் தருகிறது. நாட்காட்டியும் பருவங்களும் தருகிறது. இவை முதல். தெய்வங்கள், விளைபொருள், விலங்கு, வாணிகம், குடிகளின் பழக்கவழக்கம் ஆகியவற்றையும் தருகிறது. இவை கரு. ஆனால் மூன்றாவதாகிய உரிப்பொருளை அது தருவதில்லை, தரவும் கூடாது. அந்நிலத்தில் யார் யாரை நட்டார், யார் யாரைப் பகைத்தார், எது வென்றது என்பதெல்லாம் மேசையைச் சுற்றி இருப்போர் ஆடி ஆடிக் காண வேண்டியவை. நாவலாசிரியர் மூன்றையும் தருவார். களவிளக்க ஆசிரியரோ இரண்டைத் தந்து, மூன்றாவதற்கு இடம் விட்டு நிற்பார். இந்த இடம் விடுதலே இக்கலையின் உயிர்நாடி.

32 பக்கத்தில் ஒரு பெருநிலம்

நாட்டைத் தராமல் விதிகளை மட்டும் தந்த கைகாக்ஸே, ஆறாண்டுகளுக்குப் பின்னர், 1980-ஆம் ஆண்டில், 'கிரேஹாக் உலகம்' என்னும் களவிளக்க நூலை வெளியிட்டார். அது 32 பக்கமே கொண்ட சிறு நூல்; உடன் இரண்டு பெரிய வண்ண நிலப்படங்கள். அச்சிடத்தக்க மிகப் பெரிய தாளின் அளவு என்ன என்று முதலில் கேட்டறிந்து, அத்தகைய இரண்டு தாள்களை நிரப்பும்படி அந்நிலத்தைத் தாம் வரைந்ததாகக் கைகாக்ஸ் பின்னாளில் கூறியுள்ளார். ஒரு கண்டத்தின் பரப்பைக் கடலோ மலையோ வரையறுக்கவில்லை; தாளின் அளவு வரையறுத்தது!

டார்லீன் என்னும் ஓவியர் தீட்டிய அப்படங்கள் தேன்கூடு போல் அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தன. ஒரு கட்டத்தின் குறுக்களவு 30 மைல். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு கட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 780 சதுர மைல் ஆகும். அதாவது, சிங்கப்பூரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட நிலம் ஒரு கட்டத்தில் அடங்கும். நூலிலோ ஒவ்வொரு நாட்டுக்கும் சில பத்திகளே உண்டு. ஆள்பவர் யார், குடிகள் எத்தனை, விளைபொருள் எவை, அண்டை நாட்டோடு உறவு எத்தகையது என்று சுருங்கச் சொல்லி அடுத்த நாட்டுக்குச் சென்றுவிடும். பெரும்பாலான கட்டங்களில் என்ன இருக்கிறது என்று நூல் சொல்லவே இல்லை. அக்கட்டங்கள் யாவும் ஆட்டத் தலைவருக்கு விடப்பட்ட புறம்போக்கு நிலம் எனலாம்.

பொய் சொல்லக்கூடிய முனிவர்

1987-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்', அதாவது 'மறக்கப்பட்ட நாடுகள்' என்னும் தொகுப்பு, இக்கலையை மேலும் ஒரு படி உயர்த்தியது. இதனைப் படைத்த எட் கிரீன்வுட் கனடா நாட்டினர், நூலகப் பணியாளர். 1967-ஆம் ஆண்டளவில், தாம் சிறுவனாக இருந்தபோதே இந்நிலத்தைப் பற்றிக் கதைகள் எழுதத் தொடங்கியவர். அப்போது இவ்வாட்டமே பிறக்கவில்லை. பின்னர் டி.எஸ்.ஆர். என்னும் நிறுவனம் அந்நிலத்தை அவரிடமிருந்து விலைக்குப் பெற்று, ஜெஃப் கிரப் என்பாரின் உழைப்பையும் சேர்த்து, நூல்களும் நிலப்படங்களும் அடங்கிய பெட்டியாக வெளியிட்டது.

கிரீன்வுட் கையாண்ட உத்தி எளியது. நாட்டைப் பற்றிய செய்திகளை நூலாசிரியர் தம் வாக்காகக் கூறாமல், அவ்வுலகில் வாழும் எல்மின்ஸ்டர் என்னும் முதிய அறிஞர் கூறுவதாக அமைத்தார். அறிஞராயினும் அவரும் அவ்வுலகத்து மாந்தரே; தவறாக அறிந்திருக்கலாம், வேண்டுமென்றே மறைக்கவும் செய்யலாம். ஆட்டத் தலைவர் ஒருவர் தம் கதைக்காக ஒரு செய்தியை மாற்ற விரும்பினால், "அது அம்முதியவருக்குத் தெரியாது" என்று கூறி மாற்றிக்கொள்ளலாம். நூலும் பொய்யாகாது, ஆட்டமும் தடைப்படாது.

1992-ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த 'வோலோ வழிகாட்டி' நூல்களில் இவ்வுத்தி நகைச்சுவையுடன் முழுமை பெற்றது. வோலோ என்பவன் ஊர் ஊராகச் சுற்றும் தற்பெருமைக்காரன். விடுதிகளின் விலையை நாணயக் குறியாலும், தெருவின் ஆபத்தைக் கத்திக் குறியாலும் அளந்து சொல்வான். அவன் கூற்றை எல்மின்ஸ்டர் குறிப்பு எழுதி மறுப்பார். இருவரும் முரண்படும் இடத்தில் உண்மை எது? அதனை முடிவு செய்பவர் மேசைத் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் ஆட்டத் தலைவரே.

இதனினும் வெளிப்படையான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. செம்பியா என்னும் வணிக நாட்டை நிறுவனம் விரிவாக எழுதாமல், ஆட்டத் தலைவர்கள் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் பொருட்டு ஒதுக்கி வைத்தது. ஊர்ப் பொதுநிலம் போல, யாரும் வேலி போடாத ஒரு பகுதியாக அது நின்றது.

வெற்றிடம் நிரம்பிய வரலாறு

வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருக்கவில்லை. காரணம் வாணிகம். ஒரு முறை நிலப்படத்தையும் நூலையும் வாங்கியவர், அவற்றைக் கொண்டே பல்லாண்டு ஆடலாம்; மற்றொன்றை வாங்க வேண்டியதில்லை. ஆனால் நூல் விற்றுப் பிழைக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் புதிய நூல் வெளியிட்டாக வேண்டும். எனவே முதல் நூலில் ஒரு வரியாக இருந்த ஊர் அடுத்த நூலில் ஓர் அதிகாரமாயிற்று, பின்னர் தனி நூலாயிற்று, அதற்கப்பால் நாவலாயிற்று. 1997-ஆம் ஆண்டில் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' வாங்கிக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் செம்பியாவைக் களமாகக் கொண்ட நாவல் வரிசை தொடங்கிற்று. பொதுநிலத்தில் வேலி எழுந்தது.

2008-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய களவிளக்க நூல் இன்னும் பெரிய மாற்றத்தைச் செய்தது. பேரழிவு ஒன்று நேர்ந்ததாகவும், நூறாண்டு அளவு காலம் கடந்துவிட்டதாகவும் அது அறிவித்தது. அதனை ஏற்றுக்கொண்டால், இருபதாண்டுகளாக ஆடியோர் நட்ட மன்னர்களும் மீட்ட ஊர்களும் ஒரே நூலால் வரலாற்றில் புதைந்துபோகும். பழைய வாசகர் பலர் மனம் கசந்தனர். பின்னர் வந்த நூல்கள் அம்மாற்றங்கள் பலவற்றைத் திருப்பிக்கொண்டன. 2015-ஆம் ஆண்டு நூல் உலகம் முழுவதையும் விவரிக்க முயலாமல், பெரும்பாலும் ஒரு கடற்கரைப் பகுதியோடு நின்றது.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. "இன்னும் எழுதுங்கள்" என்று கேட்டவர்களும் வாசகரே. ஆடாமலே, படிப்பின் இன்பத்துக்காக இந்நூல்களை வாங்குவோரும் உளர்.

நாடு யாருக்கு உரியது?

இனி முதற்கேள்விக்கு வருவோம். படைத்தவருக்கே நாடு உரியது என்பது இயல்பான விடையாகத் தோன்றும். கைகாக்ஸின் கதை அதனை மறுக்கிறது. 1980-களின் நடுவில் அவர் டி.எஸ்.ஆர். நிறுவனத்தை விட்டு நீங்கினார். கிரேஹாக் உலகம் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. 1988-ஆம் ஆண்டில் வேறொரு வெளியீட்டாரின் வழியாக வந்த 'டான்ஸ் ஆஃப் டீமன்ஸ்' என்னும் தம் நாவலில் அவர் அவ்வுலகையே அழித்துவிட்டார். படைத்தவரே அழித்த பின்னும் அவ்வுலகம் அழிந்ததா? இல்லை. நிறுவனம் அதற்குத் தொடர்ந்து நூல்களை வெளியிட்டது. பழைய படத்தை விரித்து ஆடியவர்களின் நாடோ, இருவர் செயலாலும் அசையவில்லை. அந்நாடு நூலில் இருந்ததைவிட அவர்கள் நினைவில் இருந்ததே காரணம்.

இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தவர் குளோராந்தா என்னும் உலகைப் படைத்த கிரெக் ஸ்டாஃபர்டு. 1966-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதத் தொடங்கிய அவர், 2018-ஆம் ஆண்டில் மறையும் வரை எழுதினார். 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குளோராந்தா வழிகாட்டி' இரண்டு பெருந்தொகுதிகள். ஏறத்தாழ 800 பக்கம். அவ்வளவு எழுதியும், ஒவ்வொருவருடைய குளோராந்தாவும் என் குளோராந்தாவிலிருந்து வேறுபடும் என்பதையே அவர் கொள்கையாக வைத்திருந்தார். ஆகவே பக்கம் மிகுதல் குற்றமாகாது. "இதுவே முடிந்த முடிபு" என்று நூல் அதிகாரம் செலுத்துவதே குற்றம்.

நல்ல நூலின் இலக்கணம்

வெற்றிடம் விடுதல் என்பது சோம்பலால் எழுதாது விடுவதுமன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். "வடக்கே ஒரு மலை உண்டு" என்று மட்டும் எழுதினால் ஆட்டத் தலைவருக்குப் பயன் ஒன்றுமில்லை. "மலைக்கோட்டையின் தலைவனை நஞ்சிட்டுக் கொன்றவன் அவன் தம்பி, அதனை வெளிப்படுத்தித் தண்டித்தவர் இன்ன வீரர்" என்று எழுதினால் ஆடுவோர்க்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. "மலைக்கோட்டையிலிருந்து மூன்றாண்டுகளாக வரி வருகிறது, ஆனால் அதனைக் கொண்டுவரும் ஆள் ஒவ்வோர் ஆண்டும் வேறு, முந்திய ஆளை எவரும் பின்னர்க் கண்டதில்லை" என்று எழுதினாலோ, கேட்டவர் அனைவரும் குதிரையில் சேணம் பூட்டத் தொடங்குவர். மூன்றாவது எழுத்தில் செய்தியும் உண்டு, வெற்றிடமும் உண்டு. அவ்வெற்றிடத்துக்கு எல்லை உண்டு. ஆகவே அதனை நிரப்ப வழியும் தெரிகிறது.

களவிளக்க நூலொன்றைக் கையில் எடுப்போர் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைப் படித்த அளவில் "அங்கே போனால் நான் என்ன செய்வேன்?" என்னும் எண்ணம் எழுகிறதா? நூல் கூறும் ஒரு செய்தியை மாற்றினால் மற்றவை குலையாமல் நிற்குமா? இரண்டுக்கும் விடை 'ஆம்' எனில் அது நல்ல நூல். நிலமும் கருவும் ஆசிரியர் தரலாம். அச்சிட்டு விற்கும் உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம். அந்நிலத்தில் நடந்த வாழ்வு மட்டும் ஆடியவர்களுடையது. பின்னர் வரும் எந்த நூலையும் வாங்காமலே அவர்கள் அதனைக் காத்துக்கொள்ளலாம்.