ஆட்டுக் கடாவின் கல்லடைப்பும் மக்னீசியம் பாஸ்பேட் உப்புக்களும்

பண்டிகை விற்பனைக்கெனத் தவிடும் தானியமும் இட்டுக் கொழுக்க வைக்கப்படும் வெள்ளாட்டுக் கடா, திடீரென இரை எடாமல், முக்கிக்கொண்டு நிற்பதுண்டு. மலச்சிக்கல் என எண்ணிச் சிலர் எண்ணெய் புகட்டுவர். ஓரிரு நாட்களில் மூத்திரப்பை வெடித்து ஆடு மடியும். ஏழைக் குடியானவரின் முதலை இவ்வாறு அழிப்பது பெரும்பாலும் ஓர் உப்பே. அதன் இயல்பை அறிந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம்.

மக்னீசியம் பாஸ்பேட் உப்புக்கள் மூவகைப்படும். பாஸ்பாரிக் அமிலத்திலுள்ள மூன்று ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றின் இடத்தை மட்டும் மக்னீசியம் பெற்றால், அவ்வுப்பு நீரில் எளிதிற் கரையும். இரண்டின் இடத்தைப் பெற்றால் சிறிதே கரையும். மூன்றின் இடத்தையும் பெற்றால் ஏறக்குறையக் கரையாது. மக்னீசியம் பாஸ்பேட்டுடன் அம்மோனியமும் நீரும் கூடிய நான்காவது உப்பும் உண்டு. 'ஸ்ட்ரூவைட்' எனப்படும் அப்படிகத்தின் எடையில் 100க்கு 44 பங்கு நீரே. எனினும் காரநீரில் அது கரைவதரிது, அமிலத்தில் கரையும்.

ஆட்டின் மூத்திரம் இயல்பாகவே காரத்தன்மை உடையது. தழையும் புல்லும் நன்கு மெல்லும் ஆட்டில், மிகையான பாஸ்பரஸ் உமிழ்நீர் வழியே இரைப்பையை அடைந்து புழுக்கையோடு கழியும். தழை குறைந்து தானியம் மிகுந்தால் உமிழ்நீர் குறையும். பாஸ்பரஸ் மூத்திரத்தில் மிகும். குடிநீரும் குறையின் ஸ்ட்ரூவைட் மணல்போற் படிந்து, கடாவின் நீண்டு குறுகிய மூத்திரக் குழாயை அடைக்கும். இளங்குட்டியிலேயே காயடித்த கடாவுக்கு இக்குழாய் மேலும் குறுகியிருக்கும். பெட்டையாட்டின் குழாய் குட்டையும் அகலமுமாதலின், படிந்தது பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இதைத் தடுக்கும் வழிகள் எளியவை:

1. தானியத்தையும் தவிட்டையும் அளவோடு இட்டு, புல்லும் தழையும் மிகுதியாகத் தருக.

2. தீவனத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்காயின் சுண்ணாம்புச் சத்து இரு பங்கு இருத்தல் நலம். தானியத்தில் இச்சத்து குறைவு. அகத்தி முதலிய தழைகளில் மிகுதி.

3. தூய நீர் எந்நேரமும் கிடைக்கட்டும். தீவனத்தில் சிறிது கறியுப்புச் சேர்த்தால் ஆடு மிகுதியாக நீர் பருகும்.

4. மூத்திரத்தை அமிலமாக்கும் அம்மோனியம் குளோரைடைக் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் மட்டுமே தருக.

5. கடா முக்கி நின்றால், மூத்திரம் பெய்கிறதா எனக் காண்க. சொட்டுச் சொட்டாக வந்தாலும், வராவிடினும், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்க.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மேய்ச்சல் நிலத்தருகே உள்ள தண்ணீர்த் தொட்டி கோடையிலும் வற்றாமல் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்களாயின், பல குடும்பங்களின் முதல் காப்பாற்றப்படும்.