வெயில் தங்காத வீடு

கோடை இரவில் மேல்மாடி அறையில் உறங்க முயன்ற முதியோர் அறிவர்: கதிரவன் மறைந்து வெகு நேரமான பின்னும் கூரை அனலைக் கக்கிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் வெயிலை உள்வாங்கும் கான்கிரீட் தளம், அதனை இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. மின்விசிறி அந்த வெப்பக் காற்றையே சுழற்றுகிறது. பிறகு ஏ.சி. வருகிறது, ஓய்வூதியத்தை விழுங்கும் மின்கட்டணமும் உடன் வருகிறது.

செட்டிநாட்டுப் பழைய இல்லங்களில் இத்தொல்லை குறைவு. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சரிந்த ஓட்டுக் கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேற, தலைவாசல் முதல் பின்கட்டு வரை நேர்கோட்டில் அமைந்த நிலைகளினூடே புதுக்காற்று புகும். மழைநீரும் முற்றத்தில்தான் இறங்கும். அண்டாக்களில் பிடித்து வைப்பர். ஆத்தங்குடித் தரைக்கற்களோ சூளையைக் காணாதவை. நீரில் ஊறியே உறுதி பெறுபவை.

அத்தகைய மாளிகையை இன்று யாரால் எழுப்ப இயலும்? எளியோருக்கு வழி காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், 2007இல் மறையும் வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்தார். இளமையில் பம்பாயில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று அவர் கூறியதை வாழ்நாள் முழுதும் போற்றினார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். கற்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம்; உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், அங்கே பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் குறைந்தது, அனலும் தணிந்தது.

பேரன் புதுவீட்டு வரைபடத்தைக் காட்டும்போது, பூஜையறை ஈசானியத்தில் உள்ளதா என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் அமைதியாகிவிடுகிறோம். மேற்குச் சுவருக்கு நிழல் தருவது எது, காற்று எவ்வழியே வெளியேறும் என்றும் கேட்கலாமே! கான்கிரீட் இட்டபின் கேட்டுப் பயனில்லை.

கட்டி முடித்த வீட்டுக்கும் வழியுண்டு. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால், வெயிலின் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். செலவும் அதிகமில்லை. பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏணி ஏறும் வேலையை மட்டும் இளையோரிடம் விட்டுவிடுங்கள்.