சிலிண்டரைக் காப்பாற்றிய ஸ்ப்ரெட்ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, படம் பார்ப்பது, மெயில் அனுப்புவது தவிர வேறு என்ன செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். ஸ்ப்ரெட்ஷீட் என்று சொன்னால், "அது ஆபீஸ் கணக்குக்குத்தானே!" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சாப்ட்வேர் வேலையில் இருக்கும் நானும் வீட்டில் அதைத் திறந்ததில்லை. அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்துக் கட்டியபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

வண்டி, ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி.350 வடிவமைப்பில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சிலிண்டர்கள். உள்விட்டம் 64 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54 மி.மீ., மொத்தம் 347 சி.சி. எங்கள் வண்டியில் இடது பிஸ்டன் சூட்டில் இறுகி, சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது.

இதற்கு வழி, சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, சற்றே பெரிய பிஸ்டன் போடுவதுதான். இந்தப் பிஸ்டன்கள் 0.25 மி.மீ. கூடுதல் அளவுகளில் வருகின்றன. எங்கள் வண்டிக்கு முன்பே ஒரு முறை ரீபோர் செய்திருந்ததால், இம்முறை 0.50. ஒவ்வொரு முறையும் சிலிண்டரில் உலோகம் குறைகிறது. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி பழைய நிலைக்குத் திரும்பலாம். சிலிண்டரில் அந்த வசதி கிடையாது. "பார்த்து செய்யப்பா, இன்னும் எத்தனை தடவை கடைய முடியும்?" என்றார் அப்பா.

முதலில் ஒரு போல்டர்

பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் படம் எடுத்தேன். கேமரா தரும் பெயர்கள் வெறும் எண்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று தெரியாது. எனவே படங்களை ஒரே போல்டரில் போட்டு, ஒவ்வொரு பைலையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, "01 இடது ஹெட்", "02 வலது ஹெட்" என்று பெயர் மாற்றினேன். பெயரில் முதலில் எண் இருந்தால் பைல்கள் வரிசையாக நிற்கும்.

நான்கு காலம் போதும்

அடுத்து ஸ்ப்ரெட்ஷீட். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் வரிசையில் பக்கம், சிலிண்டர், பிஸ்டன், இடைவெளி என்று தலைப்பு கொடுங்கள். டி2 செல்லில் =பி2-சி2 என ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அந்தச் செல்லின் கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் அடுத்த வரிசைக்கும் பார்முலா வந்துவிடும்.

இந்த இன்ஜினில் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 0.04 மி.மீ. இடைவெளி வேண்டும். குறைந்தால் மறுபடி இறுகும். கூடினால் பிஸ்டன் தட்டும். எனவே கண்டிஷனல் பார்மேட்டிங் மூலம் 0.035க்குக் கீழும் 0.05க்கு மேலும் போனால் செல் சிவப்பாகும்படி செய்தேன்.

இந்த அளவுகளுக்கு வெர்னியர் போதாது. பிஸ்டனை மைக்ரோமீட்டரிலும், சிலிண்டரை போர் கேஜிலும் அளக்க வேண்டும். சிலிண்டரில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை அளந்தேன்.

இரண்டும் சிவப்பு!

இடது சிலிண்டர் 64.50, பிஸ்டன் 64.48. வலது சிலிண்டர் 64.52, பிஸ்டன் 64.46. இடைவெளி 0.02, 0.06. இரண்டு செல்லும் சிவந்தன. பட்டறையில் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். சி2, சி3 செல்களில் இருந்த எண்களை இடம் மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் 0.04!

தவறு என்னுடையது. பட்டறையில் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்கேற்பத்தான் அந்தந்த சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் தலையில் மார்க்கரால் பக்கத்தைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். பெட்ரோலில் கழுவியபோது எழுத்து அழிந்துவிட்டது. பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் நானே ஊகித்து வைத்துக்கொண்டேன். கழுவும் முன் ஒரு படம் எடுத்திருக்கலாம். அப்படியே மாட்டியிருந்தால் இடது சிலிண்டர் மறுபடி பட்டறைக்குப் போயிருக்கும்.

மாட்டும்போது கவனிக்க

பழைய கேஸ்கெட் துணுக்குகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். கிரான்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். சர்கிளிப் உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க நேரிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி முன்பக்கம், அதாவது சைலன்சர் குழாய் புறப்படும் பக்கம் இருக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டனில் உள்ள சிறு பின்னில் சரியாக உட்கார வேண்டும்; இல்லையென்றால் ரிங் உடையும். ஆயில் தடவி, சிலிண்டரைத் திருகாமல் நேராக இறக்குங்கள். ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாக மாட்டுவது எளிது. ஹெட் நட்டுகளைக் குறுக்காக, இரண்டு மூன்று தவணைகளில் முடுக்குங்கள்.

ஞாயிறு காலை நான்காவது உதையில் வண்டி பிடித்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். புகை அடங்கியதும், "ரெண்டும் ஒரே சீராத்தான் பேசுது" என்றார்.

அந்தப் பைலின் ஒரு காப்பி இப்போது பென் டிரைவிலும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வேலை இருக்கும். கையில் எடுக்கும் முன் ஒரு ஷீட்டைத் திறந்து நான்கு காலம் போட்டுப் பாருங்கள்.