நோட்டைப் பார்த்து வாசிக்க வரலையா? மிருதங்கம் வரும்!

பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்கிறோம். கொஞ்ச நாளிலேயே "நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரியலை, கவனமே இல்லை" என்று புகார் வருகிறது. பல பெற்றோர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்! சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றிப் பார்க்கலாம்.

கற்றல் குறைபாடு என்பது என்ன?

அறிவுத்திறன் இருந்தும் படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது மட்டும் சிரமமாக இருக்கும் நிலை இது. டிஸ்லெக்ஸியா இதில் ஒரு வகை. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இடது–வலது குழம்பும். சொன்ன வரிசை சட்டென்று மறந்துபோகும். சோம்பேறித்தனம் என்று திட்டினால், இருக்கிற ஆர்வமும் போய்விடும்.

முதலில் வாய், பிறகு கை

நம் மிருதங்கப் பாடம் காகிதத்தை நம்பி இருப்பதில்லை. "தா தி தொம் நம்" என்று சொல்லை வாயால் சொல்லிப் பழகி, அதன் பிறகே கையில் வாசிக்கிறோம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையும் தட்டு, விரல், வீச்சு என்று கையிலேயே இருக்கிறது. எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இது நல்ல வழி.

ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள்:

• ஒரு வகுப்பில் ஒரே ஒரு சிறு பகுதி போதும். அது கையில் படிந்த பிறகு அடுத்தது.
• எதிரில் உட்கார்ந்து காட்டினால் இடது–வலது மாறித் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள்.
• கீபோர்டு என்றால் கட்டைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டலாம்.
• நோட்டு தேவை என்றால் பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே இடம் விட்டு எழுதலாம்.
• மற்ற மாணவர்கள் முன்னால் நோட்டைப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

உங்கள் போனும் உதவும்

ஆசிரியர் அனுமதியோடு பாடத்தை வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள். பிள்ளை வீட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். யூடியூப் பாடமாக இருந்தால் செட்டிங்ஸில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம், சுருதி மாறாது. தினமும் பத்து நிமிடம் பழகினாலே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு நிதி பெறும், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது பிரிவு 16. அதே பிரிவு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் சமமாகத் தரச் சொல்கிறது. தனித்துவ அடையாள அட்டைக்கு (யூடிஐடி) ஸ்வாவலம்பன் இணையதளத்தில் போன் மூலமே விண்ணப்பிக்கலாம்.

எங்கே சேர்க்கலாம்?

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் சொல்லித் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. சேரும் வயதையும் கட்டணத்தையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம்: இசை இந்தக் குறைபாட்டுக்கு மருந்து அல்ல. படிப்புக்கான சிறப்புப் பயிற்சியை அதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால், எல்லாப் பாடத்திலும் சிவப்பு மையையே பார்த்த பிள்ளைக்கு "என்னால் இது முடியும்" என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்க. பாதி சிரமம் அப்போதே குறையும்.